அனுப்புவேன் என்றால் அனுப்பமாட்டேன்

எஸ்டேட் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு இளைஞர்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். துரைமார் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனால் கடிதப் போக்குவரத்து இன்னும் இங்கிலீஷில்தான் நடக்கிறது. 'இஃப்' போட்டு எழுதும் வாக்கியம் வந்தால் இவர்களுக்குக் கை நின்றுவிடுகிறதாம். "நீங்க நாலாம் பாரத்தோட நிறுத்திட்டீங்கன்னு சொல்றாங்க. எப்படிய்யா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள். பாடமாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொன்னேன். அதையே எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். அப்பாவுக்குக் கொஞ்சம் புன்செய் இருந்தது. சோளமும் மொச்சையும் விளையும். போடிக்கு நடந்து போய்ப் படித்தேன். கோ, வெண்ட், ஹேவ் கான், ஹேட் கான் என்று வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு போவேன். 'போனான்' என்று ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இவர்கள் ஏன் இத்தனை வைத்திருக்கிறார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "பரீட்சைக்கு வரும், எழுது" என்றார். படிப்பு நின்று சில வருஷம் கழித்து, முதல் யுத்தம் தொடங்கும் முன்பு, ஏலமலைச் சரிவில் ஓர் எஸ்டேட்டின் கம்பிவடத்தில் டெலிபோன் கிளார்க்காகச் சேர்ந்தேன்.

கம்பிவடம் என்றால் இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மலை மேலே ஒரு கொட்டகை, அடிவாரத்தில் ஒரு கொட்டகை. இரண்டுக்கும் நடுவே, காட்டுக்கும் ஓடைகளுக்கும் மேலாக, தடித்த இரும்பு வடம் ஓடும். அதில் தொட்டிகள் தொங்கும். ஏலக்காய் மூட்டை ஏற்றிய தொட்டி தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அந்த இழுப்பில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிய தொட்டி மேலே போகும். வேகத்தை அடக்கும் பிரேக் மேல் கொட்டகையில் இருந்தது. கீழே இருந்த எங்களுக்கு அண்ணாந்து பார்த்தால் கொஞ்ச தூரம் வடம் தெரியும், பிறகு மேகம். ஏலக்காய் வாசனை முதலில் வரும். அப்புறம் மேகத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி, மெள்ள மெள்ளத் தொட்டியாகி, ஓசையில்லாமல் எங்கள் தலைக்கு மேல் வந்து நிற்கும். ஏதோ ஒரு தூக்கத்திலிருந்து இன்னொரு தூக்கத்துக்குச் சாமான் அனுப்புகிற மாதிரி இருக்கும்.

என்னோடு இருந்தவர் மொக்கையண்ணன். கீழே வரும் தொட்டியை இறக்குவதும், மேலே போகிற தொட்டியைக் கொக்கியில் மாட்டுவதும் அவர் சோலி. இடது கையில் அவருக்கு இரண்டு விரல் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த கிளார்க், மேலிருந்து "மாட்டியாச்சா?" என்று கேட்டபோது, அண்ணன் மாட்டிக்கொண்டிருக்கும்போதே "மாட்டியாச்சு" என்று சொல்லிவிட்டாராம். நம் பக்கம் அப்படித்தானே பேசுவோம். இலையே போடாமல் "சாப்பாடு ஆச்சு, வாங்க" என்போம். மேலே அதை நம்பிப் பிரேக்கை விட்டார்கள். வடம் அசைந்தது, விரல்கள் போயின.

நான் சேர்ந்த அன்றைக்கு அண்ணன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மாட்டிக்கிட்டு இருந்தா மாட்டிக்கிட்டு இருக்கோம்னு சொல்லு. மாட்டியாச்சுன்னா மாட்டியாச்சுன்னு சொல்லு. மிச்சம் எட்டு விரலு இருக்கு."

யுத்தம் வந்ததும் மேலே டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன துரை பட்டாளத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் பெரிய துரையின் தங்கை உட்கார்ந்தார். எல்லோரும் அவரை மிஸ்ஸியம்மா என்போம். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மெல்லிய குரல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுவார். எங்கள் பேச்சு முழுக்க இங்கிலீஷில்தான். அவர் வைத்த முதல் விதி, சொன்னதைச் சொன்னபடியே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது. அர்த்தத்தைச் சொன்னால் போதாது, சொல்லையே சொல்ல வேண்டும். வினையின் காலத்தை நான் மாற்றிவிட்டால் திட்டமாட்டார், திருத்தவும் மாட்டார். பேசாமல் இருப்பார். டெலிபோன் குழாய்க்குள், சங்கைக் காதில் வைத்த மாதிரி, ஓர் இரைச்சல் மட்டும் கேட்கும். நானாகத் தவறைக் கண்டுபிடித்துச் சரியாகச் சொல்லும்வரை அந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஆகிவிட்டதா, ஆகிக்கொண்டிருக்கிறதா, மிஸ்டர் பெருமாள்?" ஒரு நாளைக்கு எத்தனை தொட்டி ஓடுகிறதோ அத்தனை தடவை இந்தக் கேள்வி வரும்.

மழைக்காலத்தில் லோடு குறைவு. ஆனாலும் கம்பி அறுந்திருக்கிறதா என்று அடிக்கடி பேசிப் பார்க்க வேண்டும். பேச விஷயம் ஏது? மிஸ்ஸியம்மா ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். பனி வந்துகொண்டிருக்கிறது. நான் திருப்பிச் சொல்வேன். இன்னும் கொஞ்ச நேரத்தில்: பனி வந்துவிட்டது. நான் திருப்பிச் சொல்வேன். பிறகு: பனி வந்தது. 'ஹேஸ் கம்' என்றால் பனி இப்போது அவர் ஜன்னலில் இருக்கிறது, எதிரில் இருக்கும் மரம் தெரியவில்லை. 'கேம்' என்றால் வந்து போய்விட்டது, மரம் தெரிகிறது. இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து காதில் குழாயை வைத்துக்கொண்டு, நான் பார்க்காத ஒரு ஜன்னலில் பனி ஏறுவதையும் இறங்குவதையும் வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த வரிசைக்குள் ஒரு மலை இருந்திருக்கிறது.

'இஃப்' வேறு விதமாக வந்தது. என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள். லீவு கேட்டேன். மிஸ்ஸியம்மா, "இஃப் இட் வேர் மை டிசிஷன், ஐ வுட் லெட் யூ கோ" என்றார். முடிவெடுப்பது என் கையில் இருந்தால் போக விடுவேன் என்று புரிந்துகொண்டேன். அவர் கையில் இல்லாமல் வேறு யார் கையில் இருக்கும்? விதிப்படி திருப்பிச் சொன்னேன். மொக்கையண்ணன், "என்ன, லீவு குடுத்துட்டாங்களா?" என்றார். "குடுத்துட்டாங்கண்ணே" என்றேன்.

மறுநாள் காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பி நின்றபோது மணி அடித்தது. மூட்டைகள் தயார், வழி சரியா என்று மிஸ்ஸியம்மா கேட்டார். நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேனே என்றேன். நீண்ட இரைச்சல்.

"நான் வுட் என்று சொன்னேன், மிஸ்டர் பெருமாள். வில் என்று சொல்லவில்லை. இல்லை என்றுதான் சொன்னேன்."

"இல்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாமே, அம்மா."

"தங்கைக்குக் கல்யாணம் என்று ஒருவர் வந்து நிற்கும்போது அது வாயில் வருவதில்லை" என்றார்.

மறுவீட்டு விருந்துக்குத்தான் போக முடிந்தது. தங்கை ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் இங்கிலீஷ்காரர்கள் 'இல்லை' என்பதை எந்தப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனி சொல்லப்போவதுதான் அந்த இளைஞர்களுக்கு நான் சொன்னது.

ஓர் ஆடி மாதம். மேலே ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்த கருப்பணனின் மனைவி பேச்சிக்குப் பிரசவ வலி எடுத்து, பிள்ளை வெளியே வரவில்லை. மேலே இருந்த கம்பவுண்டர் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர். இதற்கு அவரால் ஆகாது. நோயாளியைக் காட்டுப் பாதையில் மழையில் தூக்கிவர முடியாது, வழுக்கும். தொட்டியில் ஆளை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் பெரிய துரை சட்டத்தை மீறச் சம்மதித்தார். மிஸ்ஸியம்மா டெலிபோனில் சொன்னார்: "வீ வில் செண்ட் ஹெர் டவுன் இஃப் த மிஸ்ட் லிஃப்ட்ஸ்." பனி விலகினால் அனுப்புவோம். நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். கொட்டகையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

கருப்பணன் பாதை வழியாக ஓடி இறங்கிப் போடிக்குப் போனான். மறுநாள் காலையில் வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியோடும், போடி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் ரெபேக்காள் நர்சம்மாவோடும் வந்து சேர்ந்தான். நர்சம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கனத்த சரீரம். மடியில் தோல் பையை வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சி இறங்கியதும் அவளைப் போடிக்குக் கொண்டுபோவது ஏற்பாடு. பனி கொட்டகை வாசல்வரை இறங்கியிருந்தது. மாட்டின் கொம்புகூடச் சரியாகத் தெரியவில்லை.

மணி அடித்தது. மிஸ்ஸியம்மாவின் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"இஃப் ஐ குட் டிரஸ்ட் த ரோப், ஐ வுட் செண்ட் ஹெர் டவுன் திஸ் மினிட்."

நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். மேற்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். எங்கோ மரக்கிளை விழுந்து கம்பி அறுந்திருக்க வேண்டும், குழாய்க்குள் இருந்த இரைச்சல் நின்றுவிட்டது. கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். வெறும் மரப்பெட்டி.

மொக்கையண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நித்தம் கேட்கிற சொற்கள் தெரியும். "செண்ட் டவுன், திஸ் மினிட்! ஏ கருப்பணா, வண்டிய இப்படித் திருப்பி நிறுத்து. பிள்ளைத்தாச்சி வர்றா" என்றார்.

"இல்லண்ணே" என்றேன். "அவங்க அனுப்பல."

"இப்பத்தானடா உன் வாயாலேயே சொன்னே."

"நேத்து 'வில்'னு சொன்னாங்க. இன்னைக்கு 'வுட்'னு சொல்றாங்கண்ணே."

"வில்லு, வுட்டு. என்னடா பெரிய வித்தியாசத்தைக் கண்டுட்டே?"

கருப்பணன் என் முன்னால் வந்து நின்றான். இரண்டு நாளாகத் தூங்காத முகம். "அண்ணே, எனக்கு அதெல்லாம் வேணாம். அவ வர்றாளா, வரலையா?"

"வரலை."

"பனி விலகுனா?"

"விலகுனாலும் வரமாட்டா. ரோப்புல ஏதோ கோளாறு. அவங்களுக்கு அதுமேல நம்பிக்கை இல்ல."

தமிழில் சொன்னால் அந்த வாக்கியம் திறந்த கதவு மாதிரி இருக்கிறது. வடத்தை நம்ப முடிந்தால் இந்த நிமிஷமே அனுப்புவேன். கேட்கிறவன் என்ன நினைப்பான்? நம்ப முடியலாம், அனுப்பலாம், இருந்து பார்ப்போம் என்றுதான் நினைப்பான். இங்கிலீஷில் 'குட்' என்று சொன்ன இடத்திலேயே கதவைச் சாத்தியாகிவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை, அதனால் அனுப்பவில்லை. மனசு மட்டும் இந்த நிமிஷமே அனுப்புகிறது. கல்யாண லீவுக்கு வந்த அதே குரல், அதே இழுப்பு.

நர்சம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "தம்பி, அவ இறங்கலைன்னா நான் ஏறணும். அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"நான் பாதையில போய்க்கிட்டு இருக்கையில அவ மேல தொட்டியில வந்து இறங்கிட்டா, இங்க அவளைப் பாக்க ஆளில்ல. நான் மேல போய் வெறுங் குடிசையைப் பாத்துட்டு நிப்பேன். தெரியுமா?"

தெரியும். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பிரசவம் பாக்கத் தெரியும். இங்கிலீஷு எனக்குத் தெரியாது. அதை நீதான் பாக்கணும். நிச்சயமாச் சொல்றியா?"

"நிச்சயம்மா. ஏறுங்க."

அவர் செருப்பைக் கழற்றிக் கொட்டகைச் சுவரோரம் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைக் கருப்பணன் தலையில் ஏற்றினார். பத்து அடி வைப்பதற்குள் பனி இருவரையும் விழுங்கிவிட்டது. கல்லில் கால் வழுக்குகிற சத்தமும், "வெரசா நட, என்னைப் பாக்காதே" என்று நர்சம்மா சொல்வதும் கொஞ்ச நேரம் கேட்டன. மொக்கையண்ணன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

உச்சிப்பொழுதில் பனி விலகியது. விலகியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரோ போர்வையை உருவின மாதிரி மலை முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. வடம் வெயிலில் மின்னிக்கொண்டு, இழை தெரியாமல், நேராக மேலே போனது. அதற்கு என்ன குறை என்று தோன்றியது. நான் அதைப் பார்க்கப் பார்க்க, காலையில் கேட்ட சொல் 'வுட்'தானா, 'வில்'லா என்பதே சந்தேகமாகிவிட்டது.

அப்போது வடம் அசைந்தது.

"வருது" என்றார் மொக்கையண்ணன்.

மேலே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒற்றைத் தொட்டி வந்துகொண்டிருந்தது. அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். தார்ப்பாய்க்குள் ஓர் ஆள் சுருண்டு படுத்தால் எவ்வளவு மேடாக இருக்குமோ அவ்வளவு மேடு. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத வேண்டாம்.

நடுப் பள்ளத்துக்கு மேலே வந்ததும் தொட்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அப்படியே தொங்கியது. காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடியது. அண்ணன் பாறை மேல் ஏறி, "பேச்சி! பேச்சி!" என்று கூப்பிட்டார். மலை அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. தொட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வண்டிக்காரன் கும்பிட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் டெலிபோன் பக்கத்தில் நின்றேன். வேறெங்கும் நிற்க முடியவில்லை. மத்தியானம் சாய்ந்து, நிழல் பள்ளத்தில் இறங்கி, தொட்டி மட்டும் வெயிலில் இருந்தது. எனக்கு அது கனவில் நடப்பது போலவும், நான் விழித்துக்கொண்டால் சரியாகிவிடும் போலவும் இருந்தது.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் மணி அடித்தது. அறுந்த கம்பியை எங்கோ முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"த நர்ஸ் ஹேஸ் கம்" என்றார் மிஸ்ஸியம்மா.

வந்துவிட்டார், வந்து, இப்போது அங்கே இருக்கிறார். அவர் அந்த விதியை வைத்த நாளிலிருந்து முதல் முறையாக நான் திருப்பிச் சொல்லவில்லை. "தொட்டியில் யார்?" என்று கேட்டேன்.

"மண். வடம் தாங்குமா என்று பார்க்க என் அண்ணன் ஒரு ஆள் கனத்துக்கு மண்மூட்டை கட்டி விட்டார். காலையிலேயே ஒரு தூணின் மேலே வடத்தின் புரி விட்டிருந்ததைப் பார்த்தோம். அந்தப் புரி உருளையில் சிக்கித்தான் தொட்டி நடுவில் நின்றுவிட்டது. பேச்சி இங்கேதான் இருக்கிறாள். நீங்கள் திருப்பிச் சொல்லவில்லை, மிஸ்டர் பெருமாள்."

"த நர்ஸ் ஹேஸ் கம்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் காத்திருந்தார். மறுபடியும் சரியாகச் சொன்னேன்.

மொக்கையண்ணனிடம் மண் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, தன் வெற்றிலைப் பையை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

மறுநாள் காலையில் வந்த செய்தி இரண்டே வாக்கியம். குழந்தை இறந்திருந்தது. தாய் தூங்கிக்கொண்டிருக்கிறாள். முதல் வாக்கியத்தில் 'வாஸ்', இரண்டாவதில் 'இஸ்'. அந்த இரண்டு சிறிய சொற்களையும் திருப்பிச் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அவரும் அவசரப்படுத்தவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து நர்சம்மா பாதை வழியாக இறங்கி வந்தார். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. "பிள்ளை உள்ளேயே போயிருச்சு தம்பி. இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தா அவளும் போயிருப்பா. எடுத்துட்டேன்" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வண்டியில் ஏறியதும் சாய்ந்து தூங்கிவிட்டார்.

யுத்தம் முடிந்தபின் ஒரு நாள் மிஸ்ஸியம்மா, "ஐ லீவ் ஆன் தர்ஸ்டே" என்றார். போவேன் என்று சொல்லவில்லை, போகிறேன் என்றுதான் சொன்னார். ரயில் நேரம் சொல்கிற மாதிரி. நம்மிலும் அப்படிச் சொல்வதுண்டு. நான் திருப்பிச் சொன்னேன். அவர் மேற்குப் பக்கமாக இறங்கிக் கப்பலேறினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வேறொரு குரல் பேசியது. அந்தக் குரலுக்குக் காலத்தைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. நான்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆகிவிட்டதா, ஆகிக்கொண்டிருக்கிறதா என்று.

பேச்சியை அதுவரை நான் பார்த்ததில்லை. மேலேயே இருப்பவள், இறங்குவது அபூர்வம். சில வருஷம் கழித்து ஒரு சந்தை நாளில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள்.

"டெலிபோன் அண்ணே நீங்கதானே? நான் கருப்பணன் வீட்டுக்காரி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. டெலிபோன் பெட்டியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுலதான் அந்தம்மா பேசினாங்களா?"

"இதுலதான் ஆத்தா."

"அன்னைக்கு நீங்க இருந்து பாப்போம்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் செத்திருப்பேன்ல?"

இங்கிலீஷ் இலக்கணத்தில் ஆகக் கடினமான வரிசை அது. ஹேட் ஒரு பக்கம், வுட் ஹேவ் மறுபக்கம். நடக்காமல் போனதை நடந்ததுபோல் வைத்துப் பார்க்கிற வாக்கியம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அவள் அதைச் சந்தைக்குப் போகிற வழியில், குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஆமா ஆத்தா. செத்திருப்பே" என்றேன்.

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு குழந்தையின் முதுகில் லேசாகத் தட்டி, "அப்ப இவளும் இருந்திருக்க மாட்டா" என்றாள். "சரிண்ணே, சந்தை கலையறதுக்குள்ள போறேன்."

வெயிலில் இறங்கி நடந்தாள். இருந்திருக்க மாட்டாள் என்று தாய் சொன்ன அந்தப் பிள்ளை, அவள் தோளுக்கு மேலாக, பாதை திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனது.